நோம்பிக்கு வாங்கிய வளையல்

தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா கணினித் திரையைப் பார்த்தபடி, கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டுத் தொட்டு, மில்லில் பூங்கொடி வேலை செய்த நாட்களை எண்ணினார். நிறைமாத வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் அந்த விரல்களையே பார்த்திருந்தாள். கட்டைவிரல் பாதியில் நின்றுவிட்டது.

"பேறுகாலப் பணத்துக்கு நாள் பத்தலைம்மா. போன மார்ச் பூரா சந்தாவே கட்டலையே, எங்க போயிருந்தீங்க? ஆஸ்பத்திரியில படுத்திருந்தா சொல்லுங்க, சேர்த்துக்க வழி இருக்கு."

பூங்கொடி வாயைத் திறப்பதற்குள் மாமியார் பழனாத்தாள் முந்திக்கொண்டாள். "இவளுக்கென்னங்க, ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்லீங்க. இதுதான் தலைச்சம் புள்ள. அப்ப அவ அம்மா ஊருக்கு, மாரியாத்தா நோம்பிக்குப் போயிருந்தா." கையைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினாள். "எனக்குக்கூட வளையல் வாங்கியாந்தாளுங்க."

பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஒன்றுகூட இன்னும் உடையவில்லை. இதற்கு முன் ஒரு முறை உண்டானபோது, மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்று பூங்கொடியின் அம்மா சொல்லியிருந்தாள். முடிவதற்குள் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த அன்று, வாசலில் நின்ற தள்ளுவண்டியில் வாங்கியவை அவை.

"நோம்பி, திருவிழான்னு போன நாளெல்லாம் கணக்குல வராதுங்கம்மா" என்றார் குமாஸ்தா.

பழனாத்தாள் மருமகளின் வயிற்றைத் தடவினாள். "இதுக்காகவாச்சும் வாயத் தொறந்து கேளு புள்ள."

வளையல்கள் கலகலத்தன. சத்தம் வந்த பக்கமாகக் குழந்தை மெல்லப் புரண்டது.