பல்பு எரியவே இல்லை

“என்னக்கா, ஜெயிச்சவங்க மூஞ்சியா இது? கொஞ்சம் சிரிங்கக்கா!”

சொன்னவன் பக்கத்து மேஜைக்காரன். தோற்றவனே அவன்தான். இயந்திரங்களுக்குப் போட அவன் தயாரித்த மசகு எண்ணெய் நேற்றைய சோதனையிலேயே மண்ணைக் கவ்விவிட்டது.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

சோதனை ரொம்ப எளிது. சுழலும் தண்டில் ஒரு ஒயர், அதைத் தாங்கும் பேரிங்கில் ஒரு ஒயர். நடுவில் எண்ணெய்ப் படலம் போதிய கனத்தில் இருந்தால் மின்சாரம் தாண்டாது. படலம் மெலிந்து இரும்பும் இரும்பும் உரசினால் பல்பு எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். நேற்று அவன் எண்ணெய்க்குப் பல்பு கண்சிமிட்டித் தள்ளியது. இன்று அவள் எண்ணெய்க்கு எரியவே இல்லை. சோதனை முடியும்வரை அவள் அந்த இயந்திரத்தின் பக்கமே திரும்பவில்லை.

“ஒருத்தருக்குத்தான் இங்க வேலைன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்து வைக்கலை, அவ்வளவுதான்” என்றபடி அவன் மேஜையைக் காலி செய்தான். “ஆனாலும் செம எண்ணெய்க்கா!”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பாழாய்ப்போன மனுஷன் பாராட்டிக்கொண்டே இருந்தான்.

மேலாளர் கைகுலுக்க வந்தார். “வாழ்த்துகள்மா!”

அவள் கையை நீட்டவில்லை.

“வாழ்த்தாதீங்க சார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப பேரிங் ஒயரை நான்தான் கழட்டி விட்டேன். ஒயரே இல்லாம பல்பு எங்க எரியும்? இந்த வேலையை விட்டா எனக்குப் போக்கிடம் இல்லை சார். அந்தப் பயத்துல பண்ணிட்டேன். சீ, எனக்கே என்னைப் பார்க்கக் கூசுது.”

மேலாளரின் முகம் இறுகியது.

“நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா.” அடுத்த மேஜையைப் பார்த்தார். “நீ இருப்பா.”

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மானம் போனது போனதுதான். வேலையாவது சேர வேண்டியவனிடம் போய்ச் சேர்ந்ததே என்று ஒரு சின்ன ஆறுதல்.

பேயறைந்தவன்போல் நின்றிருந்த பக்கத்து மேஜைக்காரன் வாசல்வரை ஓடி வந்தான்.

“அக்கா... அந்த ஒயர் தானா கழண்டு தொங்குதுன்னு நினைச்சு, டெஸ்டுக்கு முன்னாடியே நான் மறுபடி மாட்டிட்டேன்க்கா!”