சம்பந்தியம்மாளின் உப்பு

காபி மெஷின் இருமியது.

ஒரு சொட்டு. நிறுத்தம். இன்னொரு சொட்டு.

அவள் குனிந்து, சொட்டுகிற இடத்துக்கு நேரே எவர்சில்வர் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். விழுவதில் ஒரு துணுக்குகூட வீணாகக் கூடாது.

எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர் பாதி உள்ளே போனதும் பொத்தானை அணைக்க வேண்டும். அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு மீதியை ஓடவிட வேண்டும். யூடியூபில் ஒரு பெண் அப்படித்தான் சொன்னாள். இவள் முக்கால் மணி நேரம் ஊறவிட்டாள். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வெளியே வரும்.

வந்தது.

முதலில் பழுப்புத் தண்ணீர். பிறகு முட்டை ஓட்டை நொறுக்கியதுபோல வெள்ளை வெள்ளையாக உப்புச் செதில்கள்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐந்து மாதம்.

மருமகளுக்குத் தலைப்பிரசவம். பெண்ணைப் பெற்றவள்தான் கூட இருக்க வேண்டும், அது முறை. திருநெல்வேலிக்குப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சம்பந்தியம்மாள் கோமதியே சென்னைக்கு வந்துவிட்டாள். வந்து, இந்த அடுப்படியில் ஐந்து மாதம் ஆண்டாள். பிள்ளையைப் பெற்ற இவள் கோயம்புத்தூரில் உட்கார்ந்து பேரனைப் போனில் பார்த்துக்கொண்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

மகன்தான் சும்மா இருக்கவில்லை. "அத்தை போடற காபிக்காகவே சீக்கிரம் எந்திரிக்கறேம்மா" என்றான் ஒருநாள். கல்யாணம் ஆகிற வரைக்கும் அவள் தண்ணீர் தெளித்து எழுப்பிய பிள்ளை.

வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது? எரிந்தது.

முந்தாநாள் கோமதியம்மாள் ரயிலேறினாள். நேற்று இவள் வந்து இறங்கினாள். இன்று காலை தன் கையால் முதல் காபி போடப் போனால் மெஷின் இருமுகிறது. அரை டம்ளர் இறங்குவதற்குள் மகன் ஷூ மாட்டிவிட்டான்.

"விடும்மா, ஆபீஸ்ல குடிச்சுக்கறேன்."

போன வருஷம் மருமகள் மசக்கையில் கிடந்தபோது இவளும் இங்கே மூன்று மாதம் இருந்தவள்தான். அப்போது மெஷின் புதுசு. திறந்துவிட்ட குழாய்போல ஊற்றியது.

நடுவில் வந்தது யார்?

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். சுற்றத்தை யார் கேட்டது? அவளுக்குக் குற்றம்தான் வேண்டியிருந்தது. அதுவும் கையும் களவுமாக.

புளிப்பு போக மூன்று முறை வெறும் தண்ணீரை ஓடவிட்டாள். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. தண்ணீரை மெதுவாக வடித்துச் செதில்களை மட்டும் நிறுத்தினாள். எறும்பு வரும் பண்டத்தை மூடுவதுபோல ஒரு தட்டைப் போட்டு மூடினாள்.

மாலையில் மகன் வந்தான். தூங்குகிற குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தான்.

அவள் தட்டைத் தூக்கினாள்.

"பாரு கண்ணு. உங்க அத்தை அஞ்சு மாசமா உனக்கு இதத்தான் குடுத்திருக்காங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னாள். மத்தியானம் முழுக்க அந்த வருத்தத்தைப் பழகியிருந்தாள்.

மகன் கிண்ணத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். உள்ளே மனைவிக்குக் கேட்காதபடி அடுப்படிக் கதவைச் சாத்தினான்.

"அத்தை இதத் தொடவே இல்லம்மா. அவங்க ஊர்ல இருந்து ஃபில்டர் கொண்டு வந்திருந்தாங்க. இது நீ இருந்தப்ப ஓட்டினதுதான். கேன் தண்ணி ஊத்தணும். நீ போர் தண்ணியவே ஊத்திட்டிருந்தே."

கோயம்புத்தூரில் அவள் வீட்டுக் குழாயில் வருவதே சிறுவாணித் தண்ணீர். தண்ணீரில் தண்ணீரைத் தவிர வேறு ஏதாவது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஆசையாப் போட்டுக் குடுத்தே. எப்படிச் சொல்றது?"

அவள் தட்டை எடுத்துக் கிண்ணத்தை மூடினாள்.

வெட்கமாக இருந்தது. உப்புக் கரித்த காபியை மூன்று மாதம் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறான். அதை நினைக்க நெஞ்சு இளகியது, பொய்யில்லை. ஆனாலும் கோமதியம்மாள்மேல் சொல்வதற்கு ஒரு குறைகூட இல்லாமல் போய்விட்டதே. அதுதான் இன்னும் அதிகமாக எரிந்தது.

கேன் தண்ணீரை ஊற்றிப் பொத்தானை அழுத்தினாள்.

மெஷின் இருமவில்லை. டிகாக்‌ஷன் தடங்கலில்லாமல் இறங்கியது. கறந்த பால்போல் கெட்டியான பால் வாங்கி வைத்திருந்தாள். சர்க்கரை போட்டு, நுரை பொங்க ஆற்றி, அவன் கையில் கொடுத்தாள்.

அவன் நின்றபடியே குடித்தான். கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தான்.

"நல்லாருக்கும்மா."

நிஜமாகத்தான் சொன்னான். அவளுக்கு மகனைத் தெரியும். அதோடு விட்டிருக்கலாம். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"யாரோடதவிட?"

மகன் டம்ளரை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனான். அண்ணாந்து, வெகுநேரம் குடித்தான்.

அதில் காபி இல்லை.