கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஆய்வு நிதி கேட்டு வந்தவற்றில் முப்பத்தேழாவது விண்ணப்பத்தை எடுத்ததும் நிபுணர் குழுவில் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். "இவங்க என் கைடு, நான் இருக்கக் கூடாது" என்றார் ஒருவர். "நாங்க சேர்ந்து பேப்பர் போட்டிருக்கோம்" என்றார் அடுத்தவர். ஒரே ஓர் ஆற்றில் மட்டும் வாழும் சிப்பியைப் பற்றிய ஆய்வு அது. விண்ணப்பித்தவரை விட்டால் அதை அறிந்தவர்கள் நாட்டிலேயே ஏழு பேர்தான்; ஏழு பேரும் இந்தக் குழுவில் இருந்தார்கள். ஏழு பேரையும் அந்த ஆற்றில் இறக்கி வேலை கற்றுக்கொடுத்தவர், இப்போது விண்ணப்பித்திருக்கும் ஜெசிந்தா. கடைசியாக எழுந்த தலைவர் சதாசிவம், "தெரிஞ்சவங்க முடிவு பண்ணக் கூடாது மேடம், ரூல்னா ரூல்தான். நீங்களே பார்த்து மார்க் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அறையில் மிஞ்சியது தவமணி மட்டும். வெளித்துறை உறுப்பினராக வந்த அவள், தண்டவாளத்தில் விரிசல் விழுவதை ஆராய்கிறவள். சிப்பியைக் கையால் தொட்டதுகூட இல்லை. அறுபது பக்கத்தில் அவளுக்குப் புரிந்தது ஒரே வரிதான்: 'ஆற்றில் இப்போது எஞ்சியிருப்பவை பதினொன்று.' இந்த ஆய்வு அவற்றைக் காப்பாற்றுமா, இல்லை வீண் வேலையா? நிமிர்ந்து கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். விடை தெரிந்த ஏழு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். அவள் பார்வை பட்டதும், முகம் எதையாவது சொல்லிவிடுமோ என்று பயந்தவர்களாக முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். சதாசிவம் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். நழுவ விடக் கூடாத எதையோ பிடித்திருப்பதுபோல ஒரு கை மற்றதை இறுக்கியிருந்ததில் விரல்கள் வெளுத்திருந்தன. அதைப் பார்ப்பதும் விதிமீறல்தானோ என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, தவமணி பேனாவைத் திறந்தாள்.