ஒரு மூச்சு முன்னால்

தீப்பெட்டியில்கூட இதைவிடத் தாராளமாக இடம் இருக்கும்.

மேடையின் முன்விளிம்பில் பாதி புதைந்த மரப்பெட்டி. பாடுகிறவர்களுக்கு மறந்துவிடாமல் ஒவ்வொரு வரியையும் ஒரு மூச்சு முன்னால் எடுத்துக்கொடுப்பவர் உட்காரும் இடம். அந்த மனிதருக்கு இன்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் இந்த ஓபரா இசைநாடகத்தை எழுதியவளே முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். எழுத்து எழுத்தாக அவளுக்குத்தானே மனப்பாடம்.

இன்னொருவனுக்கும் மனப்பாடம். அவள் புருஷனுக்கு.

அவள் நாட்டிலிருந்து வந்து இந்த மேடைக்கு எழுதிய முதல் பெண் என்று பேப்பரில் போட்டார்கள். பேட்டி முழுக்கப் பேசியது அவன். ஒத்திகைக்குக் கூட்டிவருவதும் அவன், கூட்டிப்போவதும் அவன். அவளுடைய போனும் பாஸ்போர்ட்டும் அவன் கோட்டுப் பையில். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அரங்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். நாயகியாகப் பாடுகிறவள் மட்டும் ஒருநாள் அவள் முகத்தைப் பார்த்து, நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். அதற்கும் அவனே பதில் சொன்னான்.

கதையின் முடிவை மாற்றியதும் அவன்தான். அவள் எழுதியதில், நாயகி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாள்.

"வீட்டுக்குத் திரும்பிப் போற மாதிரி வை. அப்பதான் ஜனங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுவாங்க."

வைத்தாள். மேடைக்கு மேலே பலகையில் எழுத்தாக ஓடும் பாட்டு வரிகளையும் அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். உச்சத்தில் இழுத்துப் பாடினால் சொந்தப் பாஷைகூடப் பிடிபடாது. எல்லாரும் பலகையைப் பார்த்துத்தான் கதையைத் தெரிந்துகொள்வார்கள்.

நாளைக் காலை விமானம். எழுதிக் கிழித்தது போதும், இனி வீட்டைப் பார் என்று சொல்லிவிட்டான். போன தடவை அப்படிச் சொன்னபோது, அவள் வாசல்படி தாண்ட எட்டு மாதம் ஆனது. இந்தத் தடவை தாண்டப்போவதே இல்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

பெட்டியிலிருந்து வெளியே போகப் பின்பக்கம் ஒரே ஒரு கதவு. அதை ஒட்டிய முன்வரிசை நாற்காலி அவனுடையது. கேட்டு வாங்கியிருந்தான்.

கடைசிப் பாட்டு வந்துவிட்டது. நாயகி பெட்டியைப் பார்த்தாள்.

என் வீட்டுக்கே நான் திரும்பிப் போகிறேன். அதுதான் வரி.

அவள் அந்த வரியைச் சொல்லவில்லை.

என் வீட்டுக்கு என்னை அனுப்பாதீர்கள் என்று எடுத்துக்கொடுத்தாள்.

பாடகியின் கண்கள் ஒரு கணம் அவள்மேலேயே நின்றன. ஆனால் பெட்டி சொன்னால் மறுபேச்சு கிடையாது, அது தொழில் பழக்கம். பாடினாள். புண்ணியவதி, உயிரைக் கொடுத்துப் பாடினாள்.

ஆயிரம் பேர் கேட்டார்கள். ஆயிரம் பேரும் பலகையில் 'திரும்பிப் போகிறேன்' என்று படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதலில் எழுந்து கை தட்டியது அவன். திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

பாடகி சபையைக் கும்பிட்டாள். வரி எடுத்துக்கொடுத்தவருக்குக் கை கொடுத்து நன்றி சொல்வது அங்கே வழக்கம். பெட்டியருகே மண்டியிட்டுக் கையை உள்ளே நீட்டினாள்.

பிடித்த கையை விடவில்லை.

"மேல வாங்க," என்றாள்.

இழுத்தாள். தோள் மரத்தில் சிராய்த்தது, ஒரு செருப்பு பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. எழுதியவளைக் கௌரவிக்கிறார்கள் என்று அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது.

பாடகி அவளை அணைத்தபடியே நாலடி பின்னால் கூட்டிப்போனாள். கனத்த படுதா அவர்களுக்கு முன்னால் இறங்கியது.

அந்தப் பக்கம் அவன் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தான்.