ரெண்டு பிரதி

"முகம் எங்கே?"

மேசையில் கிடந்த படங்களை ஒரு விரலால் தள்ளிவிட்டுக் கேட்டார் நிவாரண நிதி அதிகாரி. அலுவலகத்தில் அவருக்கு 'முகம் மேடம்' என்றே பெயர். சும்மா வைக்கவில்லை.

செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டயர் கடை மாடியில், ஒற்றை அறையில் தொண்டு நிறுவனம் நடத்துகிற மனிதர். வெள்ளத்தில் கூரை போன வீடுகளுக்குப் புதுக் கூரை போடும் வேலை. அரசாங்கம் கொடுத்த முதல் தவணையில் பாதி வீடுகள் முடிந்தன. மீதிக் குடும்பங்கள் தார்ப்பாய்க்குள் கிடக்கின்றன. அடுத்த மழைக்குள் இரண்டாம் தவணை வந்தாக வேண்டும். அது இந்த அம்மாளின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வீடு தெரியுது, கூரை தெரியுது, ஆளுங்க நிக்கிறதும் தெரியுது. இன்னும் என்ன மேடம் வேணும்?"

"எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்களே."

"நான்தான் திரும்பி நிக்கச் சொன்னேன்."

"ஏன்?"

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். வாய் கேட்கவில்லை.

"சின்ன வயசுல எங்க வீடும் வெள்ளத்துல போச்சு மேடம். முகாம்ல எங்கம்மா போர்வைக்குக் கை நீட்டினப்ப ஒருத்தர் படம் எடுத்தார். பேப்பர்ல பெருசா வந்துச்சு. அம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டு நான். அப்புறம் பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே 'போர்வை'தான். ஒருநாள் அழுதுக்கிட்டே வந்து நின்னேன். அம்மா அந்தத் தாளை எடுத்து அடுப்புல போட்டுட்டாங்க."

சொல்லும்போதே அந்தப் பழைய வீடு கண்ணில் வந்து நின்றது. வெள்ளம் வடிந்ததும் அம்மா ஆல்பத்தைப் பிரித்து, நனைந்த படங்களைத் துணிக்கயிற்றில் ஒவ்வொன்றாக மாட்டினாள். அதற்குள் முகமெல்லாம் கரைந்து வெள்ளையாகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் கைகோத்து நின்ற கல்யாணப் படத்தில் கைகள் மட்டும்தான் மிச்சம். "பாருடா, உங்கப்பா இப்பதான் லட்சணமா இருக்கார்" என்றாள் அம்மா. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீடே போன நாளில் எப்படித்தான் அவர்களால் அப்படிச் சிரிக்க முடிந்ததோ! அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சிரித்த முகங்கள்தான் நினைவில் பிடிபடுவதில்லை.

"இப்ப அம்மா படம் இருக்கா?" என்று கேட்டார் மேடம்.

"வயசான காலத்துல எடுத்தது ஒண்ணு இருக்கு. அந்த வயசுல எடுத்தது... இல்ல."

மேடம் அவரையே பார்த்தார். பிறகு படங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"மறுபடி எடுத்துக்கிட்டு வாங்க. கை நீட்டுற மாதிரி வேண்டாம். வாசல்ல உக்கார வைங்க. குடும்பம் மொத்தமும் இருக்கணும். தலை வாரிக்கச் சொல்லுங்க. ரெண்டு பிரதி."

"ரெண்டா? ஒண்ணு கோப்புக்கு. இன்னொண்ணு எதுக்கு?"

"சொன்னதைச் செய்ங்க சார்."

இவ்வளவு சொல்லியும் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாரே! இன்னொன்று எதற்கு? ஏதாவது கண்காட்சி வைப்பார்கள், மந்திரி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். இல்லாதவர் முகத்தைக் காட்டித்தானே இவர்களுக்குப் பேர்! மழை மட்டும் கழுத்தைப் பிடிக்காவிட்டால், அந்த மேசையிலேயே படங்களை வீசிவிட்டு வந்திருப்பார்.

மறுநாள் முடிந்த வீடுகளுக்கெல்லாம் போனார். "முகம் தெரியணுமாம், குடும்பம் மொத்தமும் இருக்கணுமாம், கோவிச்சுக்காதீங்க" என்று வாசலுக்கு வாசல் கெஞ்சினார்.

முதல் வீட்டுத் தையல்கார அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளைக் குழாயடிக்கு இழுத்துப்போய் முகம் கழுவிவிட்டாள். புருஷனின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"சார், மாமாவையும் தூக்கிட்டு வந்து உக்கார வைக்கட்டுமா?"

மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார்.

"எதுக்கும்மா அவருக்குச் சிரமம்?"

"குடும்பம் மொத்தமும்னு நீங்கதானே சொன்னீங்க."

கிழவரை நடுவில் உட்கார வைத்தார்கள். பொக்கை வாய் கொள்ளாமல் சிரித்தார்.

அலுவலகத்தில் முகம் மேடம் ஒவ்வொரு படத்தையும் நிதானமாகப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ஒரு கட்டு கோப்புக்குள் போனது. இன்னொரு கட்டைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். செயலாளர் நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார்.

மழைக்கு முன்னால் எல்லாக் கூரையும் ஏறிவிட்டது.

மழை விட்ட ஒரு காலையில், எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு வீடாகப் போனார். தையல்கார அம்மா வீட்டில் கிழவரின் கட்டில் காலியாக இருந்தது.

"மாமா போயிட்டாரு சார். போன மாசம்."

கட்டிலுக்கு மேல் சுவரில், கண்ணாடி போட்டு மாட்டிய படம். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள். நடுவில் அந்தப் பொக்கை வாய்ச் சிரிப்பு.

"இது எப்படிம்மா வந்துச்சு?"

"ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் ஞாயித்துக்கிழமைல வந்து குடுத்தாங்க. எல்லா வீட்டுக்கும் குடுத்திருக்காங்க சார். எங்க படமெல்லாம் வெள்ளத்தோட போயிடுச்சுல்ல? மாமா முகம்னு எங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

செயலாளர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார் முழிக்கிறீங்க? நீங்க குடுத்தனுப்பினதாத்தானே சொன்னாங்க! 'அவர்கிட்ட அவங்கம்மாவோட பழைய படம் இல்ல. உங்களுக்காவது இருக்கணும்னு அவருக்கு ஆசை'ன்னு சொன்னாங்களே!"