லாரி நிற்காத தோட்டம்

"ஏலே பிரசாந்த், நீ எழுதுன ஆப்பைத் தூக்கிக் குப்பையில போடு! இன்னைக்கும் காய்கறி லாரி என் தோட்டத்துல நிக்காமப் போயிருச்சு. கேட்டா, 'மூட்டையே இல்லைன்னு காட்டுச்சுங்க'ங்கிறான் டிரைவர். புடுங்குன காரட்டு பூரா வாடிக் கெடக்கு!"

ராஜகுமாரி போட்ட சத்தத்தில் பூண்டி ஊரே அதிர்ந்தது.

"மூட்டைக் கணக்கைப் போட்டீங்களா அத்தை?"

"நாப்பதுன்னு நேத்தே போட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் குமாரவேலுதான் அழிச்சிருக்கான்!"

"அவரால முடியாதுங்க. உங்க போன்ல தெரியுற கட்டமும் டிரைவர் போன்ல தெரியுற கட்டமும் ஒரே தகவலோட கட்டிக் கெடக்கு. நீங்க மாத்துனாத்தான் அங்க மாறும்."

"அப்ப என் வயித்துல நானே அடிச்சுக்கிட்டேன்ங்கிறியா?"

"இப்பப் போடுங்க, பாப்போம்."

போட்டாள். பிரசாந்தின் போனிலும் நாற்பது வந்தது. பெருமையாக நிமிர்ந்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் கட்டம் காலி. அத்தையின் விரல் இன்னும் போன் மேலேயே இருந்தது.

"ஏன் அழிச்சீங்க?"

"அதான் போய்ச் சேந்திருச்சே! நாப்பது மூட்டைன்னு வெளிச்சம் போட்டு வச்சா ஊர்க்கண்ணு படாதா?"

பிரசாந்த் தலையில் அடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். சாயங்காலமே ஆப்பில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய்ப் படம் முளைத்தது. தொட்டால் மூட்டைக் கணக்கை அழிக்காமல் அத்தையின் போனில் மட்டும் மறைக்கும்; டிரைவர் போனில் அப்படியே இருக்கும்.

மறுநாள் லாரி நின்றது. அடுத்து குமாரவேல் வந்தார்.

"தம்பி, எனக்கும் ஒரு பூசணிக்காய்."