பாறையில் ஒரு முட்டைகூட இல்லை

விக்டோரியா ஏரியின் நடுவே கிடக்கும் அந்தச் சின்னப் பாறையில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. படகை விட்டு இறங்கிய அவினோ அப்படியே நின்றுவிடுகிறாள். முந்தாநாள்வரை சாம்பல்தலைக் கடற்காகங்கள் அடைகாத்த புல்கூடுகளில் இன்று ஒரு முட்டைகூட இல்லை. பறவைகள் தலைக்கு மேலே கூட்டமாய்க் கதறுகின்றன. பொடிமீன் எங்கே மேய்கிறது என்று பத்து வருஷமாக அவளுக்குக் காட்டித்தருபவை இவைதான். யாருக்கும் சொல்லாமல் காத்துவந்த இந்த இடத்தைப் போன வாரம்தான் புருஷன் ஒகுட்டுவிடம் சொன்னாள். "உடும்பு வந்து தின்னிருக்கும்," என்கிறான் அவன், படகை விட்டு இறங்காமலே. "உடும்பு தின்னா ஓடு கிடக்காதா?" "அப்ப மீன்கழுகு தூக்கிட்டுப் போயிருக்கும். காலங்காத்தால என்னைப் போட்டு ஏன் குடையுற?" முட்டையைப் பறிகொடுத்த பறவைகள் அவளைத் தொடாமல் தாண்டிப் போய், ஒன்றன்பின் ஒன்றாக அவன்மேல் பாய்கின்றன. ஒன்று காதோரம் கொத்தியதில் ரத்தம் துளிர்க்கிறது. "துடுப்பை வீசி விரட்டுடி!" என்று தலையைக் கையால் மூடிக்கொண்டு கத்துகிறான். துடுப்பு அவள் கையில்தான் இருக்கிறது. அதைக் கீழே வைத்துவிட்டு, காலியான கூட்டின் பக்கத்தில் அவள் உட்கார்ந்துகொள்கிறாள்.